இழவும் கொலையும்: பழனிக்குமாரின் ஒளிப்படங்களில் மெய்ப்பாடு

ஒளிப்படம் பற்றிய கட்டுரையொன்று தமிழ்த்துறை ஆய்விதழில் இடம்பெறுவது பொருந்துமா என்னும் வினா எழக்கூடும். நாடகமும் நாட்டார் கலையும் திரைப்படமும் தமிழாய்வின் எல்லைக்குள் வந்து சேர்ந்த காலங்களில் இதே வினா எழுந்ததுண்டு. எனினும் இக்கட்டுரைக்கு வேறொரு நியாயமும் உண்டு. உள்ளத்து உணர்வு உடலின்வழிப் பிறர்க்குப் புலனாவதை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதற்கெனத் தனி இயல் வகுத்த இலக்கணம் நம்முடையது. சொல்லின்றி உடலை மட்டுமே காட்டும் கலையாகிய ஒளிப்படத்தை அணுகுவதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைவிட நெருக்கமான கருவி நம்மிடம் இல்லை. அக்கருவியைக் கொண்டு ஆவண ஒளிப்படக் கலைஞரும் களச்செயற்பாட்டாளருமான மா. பழனிக்குமாரின் படங்களைக் காண்பதும், அப்படங்களைக் கொண்டு அக்கருவியைச் சோதித்துப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பழனிக்குமார் மதுரைப் பகுதியைச் சேர்ந்தவர். மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த ஒரு தாயின் மகன். தெருவிளக்கின் வெளிச்சத்தில் மீன் விற்கும் அத்தாயைப் பின்னாளில் படமெடுத்து, அவர் வாழ்க்கையைத் தாமே எழுதியும் இருக்கிறார். திவ்யபாரதி இயக்கி 2017ஆம் ஆண்டு வெளியான ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் இவரே. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமை தமிழகத்தில் ஒழிந்துவிட்டது என்ற கூற்றை மறுத்த அப்படம், பல ஊர்களில் திரையிடத் தடைகளைச் சந்தித்துப் பின் இணையத்தின்வழிப் பரவியது. இதழாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ஊரக இந்திய மக்கள் ஆவணக்காப்பகமான ‘பாரி’யில் பின்னர் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றலானார். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் இவர். இவ்வளவு வாழ்க்கைக் குறிப்பு இங்குப் போதும்.

இவருடைய படங்களை நாம் எந்த மரபில் வைத்துக் காண்பது? இக்கேள்விக்கு விடை தேட, நாம் வாழும் இந்நிலப்பகுதியிலிருந்தே தொடங்கலாம். சித்தூர் இன்று ஆந்திரத்தின் மாவட்டத் தலைநகர். 1911இல் சித்தூர் மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை அது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம். 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் வட ஆர்க்காட்டையும் கடப்பையையும் கடுமையாகத் தாக்கியது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நின்ற அப்பஞ்சத்தைப் படமெடுத்தவருள் முதன்மையானவர் சென்னை இராணுவத்தைச் சேர்ந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர். எலும்புக் கூடுகளாகிவிட்ட மனிதர்கள் குழுக்குழுவாக உட்காரவைக்கப்பட்டு எடுக்கப்பட்ட படங்கள் அவை. படமெடுத்தபின் அவர்களுக்கு உணவளிக்க அவர் ஒன்றும் செய்யவில்லை என்ற கண்டனம் அக்காலத்திலேயே எழுந்தது. பிற்பாடு 1886இல் பர்மாவில் மரணதண்டனை நிறைவேறும் நொடியைப் படமெடுக்க முயன்றமைக்காகவும் இவர் கண்டிக்கப்பட்டார் என்பதை இணைத்துப் பார்க்கையில், அது ஒருவருடைய தனிப்பட்ட இரக்கமின்மை மட்டுமன்று. கருவியைக் கையில் வைத்திருப்பவருக்கும் எதிரே இருப்பவருக்கும் இடையிலான அதிகார உறவே அவ்வாறு அமைந்திருந்தது என்பது விளங்கும்.

ஹூப்பரின் படங்களில் எவருக்கும் பெயரில்லை. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூற் படங்களிலும் அப்படியே. அங்கே நிற்பவர் ஒரு மனிதர் அல்லர், ஒரு சாதியின் மாதிரி. இன்றும் நம் ஆய்வேடுகள் பலவற்றில் பின்னிணைப்பாகச் சேர்க்கப்படும் களப்பணிப் படங்களின் கீழ் ‘இருளர் பெண்’, ‘தோற்பாவைக் கலைஞர்’ என்று மட்டும் அச்சிடப்படுவதைக் காணும்போது, தர்ஸ்டன் நம்மை விட்டு முற்றிலும் அகலவில்லை என்றே தோன்றுகிறது. இக்கட்டுரையாளனின் பழைய ஆய்வேடும் இதற்கு விலக்கன்று.

இம்மரபிலிருந்து முதல் உடைப்பு 1943இல் நிகழ்ந்தது. வங்கப் பஞ்சத்தைக் காணப் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பி.சி. ஜோஷியுடனும் ஓவியர் சித்தப்ரசாதுடனும் சென்ற சுனில் ஜானா, ஓர் அரசியல் இயக்கத்தின் உறுப்பினராக நின்று படமெடுத்தார். அப்படங்கள் கட்சி இதழில் வெளியாகி நிவாரண நிதி திரட்டவும் உதவின. 1946இல் ‘லைஃப்’ இதழின் மார்கரெட் போர்க்-வைட்டுடன் தென்னிந்தியப் பஞ்சப் பகுதிகளுக்கும் அவர் பயணம் செய்தார். ஹூப்பர் நின்ற நிலப்பரப்பிற்கு எழுபது ஆண்டுகள் கழித்து வந்த ஜானாவின் கண் வேறானது. ஆயினும் அவரும் வெளியிலிருந்து வந்தவரே. பசித்தவர் ஒருபுறம், படமெடுப்பவர் மறுபுறம் என்ற பிரிவு அவர் படங்களிலும் நீங்கவில்லை.

பழனிக்குமாரிடம் இப்பிரிவு சுருங்குகிறது. முற்றிலும் மறைந்துவிடுகிறது என்று கூறமாட்டேன். கருவி உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு எப்போதும் எஞ்சியே நிற்கும். எனினும் உழைக்கும் தாயின் மகனாக நின்று பிறருடைய தாய்மாரைப் பார்க்கும் கண் அவருடையது. படத்தின் கீழ் பெயரும் ஊரும் வேலையும் அவர் சொன்ன சொற்களும் இடம்பெறுகின்றன. இதனை இதழியல் ஒழுக்கம் என்று மட்டும் கொள்ளலாகாது. பெயர் வந்தவுடன் படத்தின் பொருளே மாறுகிறது. சாதியின் மாதிரியாக நின்றவர் தம் கதையைத் தாமே கூறும் மாந்தராகிறார்.

இனி மெய்ப்பாட்டிற்கு வருவோம். தொல்காப்பியர் கூறும் எட்டனுள் இப்பொருளோடு நேரடித் தொடர்புடையவை நான்கு: இளிவரல், அழுகை, வெகுளி, பெருமிதம். ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களையும் நந்நான்காக அவர் வகுக்கிறார். இளிவரல் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றிலிருந்து பிறக்கும். அழுகைக்கு இளிவும் இழவும் அசைவும் வறுமையும் நிலைக்களன்கள். வெகுளிக்குக் கூறப்படுவனவற்றுள் இறுதியானது கொலை. பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை. இவ்வகைப்பாட்டை மாணாக்கர் மனப்பாடம் செய்து தேர்வெழுதுவதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். மலக்குழி மரணம் ஒன்றின் படத்தை முன்வைத்து இதனை மீண்டும் படித்தபோது, இப்பகுப்பினுள் ஓர் அரசியல் உறைந்திருப்பதை இக்கட்டுரையாளன் உணர நேர்ந்தது.

ஒருவர் மலக்குழிக்குள் இறங்கி, நச்சுக்காற்றால் மயங்கி, உள்ளேயே இறக்கிறார். பெரும்பாலும் அவரைக் காக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் உடன் இறக்கின்றனர். மறுநாட் செய்தித்தாளில் இது ‘விபத்து’. படம் இருப்பின், குழியைச் சூழ்ந்து நிற்கும் கூட்டமும் மேலே கொண்டுவரப்பட்ட உடலும் அதில் இருக்கும். காண்பவர் உள்ளத்தில் தோன்றுவது இழவு பற்றிப் பிறந்த அழுகை. அதனோடு, மறைக்க முயன்றாலும் மறையாத அருவருப்பு. ஆனால் தூய்மைப் பணியாளர் இயக்கம் கூறுவது வேறு. 1993இலேயே தடைச்சட்டம் இயற்றப்பட்டு, 2013இல் அது மேலும் கடுமையாக்கப்பட்ட பின்னரும் ஒருவரைக் குழிக்குள் இறக்குவது கொலை என்கிறது அது. பெசவாடா வில்சன் தலைமையிலான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2022இல் தொடங்கிய பரப்புரையின் பெயரே ‘எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்பதாகும். நிகழ்ச்சி ஒன்றே. அதனை இழவு என்று கொண்டால் அழுகை. கொலை என்று கொண்டால் வெகுளி. எந்த நிலைக்களனைத் தெரிந்தெடுப்பது என்பதே ஒளிப்படக் கலைஞரின் முன் நிற்கும் அறச்சிக்கல்.

வில்சனின் பெயரை எடுத்தபின் ஒன்றைக் கூறாது கடக்க இயலவில்லை. அவர் பிறந்தது குப்பத்திற்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயலில். 1966இல், அதே தொழிலில் இருந்த குடும்பத்தில். தங்கவயலின் உலர் கழிப்பிடங்களிலிருந்தே அவரது போராட்டம் தொடங்கியது. 2003இல் உச்ச நீதிமன்றத்தில் அவ்வியக்கம் வழக்குத் தொடுத்தபோது, இக்கொடுமை எம் மாநிலத்தில் இல்லை என்றே அரசுகள் பலவும் கூறின. அம்மறுப்பை உடைப்பதற்குக் கழிப்பிடங்களின் ஒளிப்படங்களும் சான்றாகத் திரட்டப்பட்டன. 2014 மார்ச் 27இல் வந்த தீர்ப்பு, 1993 முதல் சாக்கடைப் பணியில் இறந்தோர் குடும்பம் ஒவ்வொன்றிற்கும் 10 இலட்ச ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் வந்த தீர்ப்பு அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. ‘இல்லை’ என்ற சொல்லுக்கு எதிராக ‘இதோ’ என்று காட்டுவதே இங்கு ஒளிப்படத்தின் முதற்பணி. கலைநயம் பற்றிய பேச்சு அதன் பின்னர்தான்.

‘கக்கூஸ்’ படத்தின் ஒளிப்பதிவு இப்பணியையே செய்கிறது. ஒதுங்கிச் செல்ல இடம் தராமல், காண்பவரைக் கழிவின் முன் நிறுத்துகிறது. தமிழ் உரைநடையிலும் இதற்கு இணைகள் உண்டு. தகழியின் மலையாள நாவல் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் ‘தோட்டியின் மகன்’ ஆக நமக்குக் கிடைத்தது. பெருமாள்முருகனின் ‘பீக்கதைகள்’ 2004இல் வெளிவந்தது. எனினும் எழுத்தில் படிப்பவர் தம் கற்பனைக்கு இயன்ற அளவே காண்கிறார். திரையில் அவ்வாறு அளவு குறைத்துக்கொள்ள வழியில்லை. இது ஆற்றலும் ஆகும், இடரும் ஆகும். கழிவின் நடுவே ஒருவரைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, அவரைக் கழிவோடு பிணைத்த அதே சமூகப் பார்வைக்குப் படமும் துணைபோகிறதோ என்ற ஐயம் எழுகிறது. இளிவரல் எவர்மேல் சென்று படிகிறது? இறக்கியவர்மீதா, இறங்கியவர்மீதா?

எம் முதுகலை வகுப்பில் இவ்வகைப் படங்கள் சிலவற்றைக் காட்ட நேர்ந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு, பலமனேர்ப் பகுதிகளிலிருந்து வந்து தமிழ் பயிலும் மாணவர்கள். முதற்படத்தில் பலர் தலைகுனிந்தனர். ஒரு மாணவி மட்டும், “ஐயா, படம் எடுத்தவர் குழிக்கு மேலே நிற்கிறாரா, கீழே நிற்கிறாரா?” என்று வினவினார். தொழில்நுட்ப வினாப் போலத் தோன்றினும், திறனாய்வின் மையமான வினா இதுவே. உரையாசிரியர்கள் மெய்ப்பாட்டை விளக்குமிடத்துச் சுவைக்கப்படும் பொருளையும் அதனை உணர்வாரது உணர்வையும் வேறுபடுத்திப் பேசினர். நம் வழக்கமான திறனாய்வு உணர்வாரைப் பற்றியே மிகுதியாகக் கவலைப்பட்டது. குழிக்குள் நிற்பவரின் மெய்ப்பாடு யாது என்று கேட்பதில்லை. அவர் முகத்தில் அழுகை இல்லை, அருவருப்பும் இல்லை. வேலையில் ஆழ்ந்த ஒருவரின் கூர்ந்த கவனமே அங்குள்ளது. காண்பாருக்கு இளிவரல், காணப்படுவாருக்கு அஃது அன்றாடம். இவ்விடைவெளியை நாம் உணரச் செய்வதே இப்படங்களின் முதன்மையான பயன் என்று கருதுகிறேன்.

பழனிக்குமாரும் இந்த ஐயத்தை எதிர்கொண்டவர் என்பதற்கு அவருடைய பிற்காலப் படங்களே சான்று. ‘நானும் ஒரு குழந்தை’ என்ற கண்காட்சியில் அவர் மலக்குழிகளில் தந்தையரை இழந்த குழந்தைகளின் பக்கம் திரும்பினார். அங்குக் குழி இல்லை, கழிவு இல்லை, உடல் இல்லை. வீடு இருக்கிறது. இவ்வகைப் படங்களில் அடிக்கடி காணப்படும் காட்சியொன்று: இறந்தவரின் சட்டமிட்ட படத்தை மனைவியோ மகளோ கையில் ஏந்தி, ஒளிப்படக் கருவியை நேருக்கு நேர் பார்த்து நிற்பது. படத்துக்குள் படம். சட்டத்துக்குள் இருப்பவர் பெரும்பாலும் அடையாள அட்டைக்காக எடுத்த சிறு படத்திலிருந்து பெரிதாக்கப்பட்டவர். வாரிய முடியும் நல்ல சட்டையுமாக இருப்பவர். அவர் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பினாரோ அவ்வாறே இருக்கிறார். ஏந்தி நிற்பவரின் கண்ணில் நாம் எதிர்பார்த்த கண்ணீரில்லை. நம் அழுகைக்கு அங்கு இடமளிக்கப்படவில்லை. பார்ப்பவரே பார்க்கப்படுகிறார். வெகுளி என்பது உரத்த குரலில்தான் வெளிப்பட வேண்டும் என்பதில்லை. இறந்தவர் தாமே சென்று மாண்டவர் அல்லர், கொல்லப்பட்டவர் என்பதை அசையாத அந்நிற்றலே உணர்த்திவிடுகிறது.

இங்கு ஓர் இடைப்பிறவரல். இப்பகுதியில் வாழ்வோர்க்கு வேறொரு படத்தொகுதியும் நினைவில் எழாமல் இராது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில், திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட 20 தமிழகக் கூலித் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியமையால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. திட்டமிட்ட போலி மோதல் என்று மனித உரிமை அமைப்புகள் கூறின. உடல்களும் அருகில் செம்மரக் கட்டைகளும் கிடக்கும் படங்கள் அன்றே நாடெங்கும் பரவின. குற்றத்தை நிறுவும் சான்றாக அப்படங்கள் முன்வைக்கப்பட, அதே படங்களிலுள்ள கட்டைகளின் பழமையையும் வண்ணப்பூச்சுத் தடங்களையும் சுட்டி மனித உரிமையாளர் எதிர்வினா எழுப்பினர். ஒரே படத்தை இரு தரப்பும் சான்றாகக் கொள்ளும் இந்நிலை, ‘ஒளிப்படம் பொய் சொல்லாது’ என்ற நம்பிக்கையை அசைக்கிறது. அந்த இருபது பேரையும் உயிரோடிருந்த நிலையில், அவரவர் ஊரில், அவரவர் பெயரோடு எவரும் முன்னரே படமெடுத்திருக்கவில்லை. இறந்தபின்தான் அவர்கள் படமானார்கள். உழைப்பவரை உயிருள்ளபோதே ஆவணப்படுத்துதல் ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் எமக்குத் தெரியவில்லை.

அவ்வகையில் பழனிக்குமாரின் கடற்கரைப் படங்கள் குறிப்பிடத்தக்கவை. இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலுள் மூழ்கிப் பாசி சேகரிக்கும் பெண்களை அவர் நீருக்குள்ளும் சென்று படமெடுத்துள்ளார். பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றி, கண்ணாடியணிந்து, வலைப்பையோடு இறங்குகின்றனர் அப்பெண்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா 1986இல் அமைந்தபின் தீவுகளை அண்டிச் செல்வதற்கு வந்த கட்டுப்பாடுகள் அவர்களுடைய வாழ்வாதாரத்தைச் சுருக்கின. நெய்தல் நிலத்தை இரங்கலின் நிலமாகவே படித்துப் பழகிய நமக்கு, கரையில் காத்திருக்கும் தலைவி மாறி, நீருக்குள் மூச்சடக்கி உழைக்கும் பெண் தோன்றுவது ஒரு திருத்தம் எனலாம். சங்கப் பாடல்களில் உப்பு விற்கும் பெண்ணும் மீன் உணக்கும் பெண்ணும் உண்டெனினும், திணை உரிப்பொருளை வகுத்தபோது அவ்வுழைப்பு பின்புலமாகவே நின்றுவிட்டது.

எனினும் இப்படங்கள்மீது ஒரு குறை கூறவேண்டும். நீருக்கடியிலான காட்சிகள் சில அளவுக்கு மீறி அழகாக அமைந்துவிட்டன. நீலமும் பச்சையும் ஒளிக்கற்றையும் சேர்ந்து, மிதக்கும் சேலை ஒரு நடனம் போலாகிறது. காண்பவர் ‘ஆ’ என வியக்கிறார், மருட்கை தோன்றுகிறது, குளிரும் வலியும் கூலியும் மறைகின்றன. இதற்கு மாறாக, சென்னைக்கு வடக்கே கொசஸ்தலையாற்றில் வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்ணைப் பற்றிய தொகுதியில் ஓலைக்கூடையைப் பல்லால் கவ்வியபடி நீருக்குள் அவர் இருக்கும் நிலை எளிய காட்சியே. அதில் அழகுபடுத்த ஏதுமில்லை. இரு கைகளும் இரைதேடி நீருக்குள் இருக்க, கூடையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாதவரின் அறிவு அந்தப் பல்லில் இருக்கிறது. தறுகண்மை பற்றிய பெருமிதம் என்று நான் இதனையே கூறுவேன். விருதுக்குழுக்கள் கடற்பாசிப் படங்களை விரும்பக்கூடும். காலத்தில் நிற்பது இறால் படம் என்பது எம் துணிபு.

பெருமிதத்தின் நிலைக்களன்களுள் தொல்காப்பியர் முதலில் வைத்தது கல்வி. அண்மைக் காலத்தில் பழனிக்குமார் தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் ஒளிப்படப் பயிற்சி அளித்து வருகிறார். வடசென்னையின் இளையோர் எடுத்த படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. நாகைப் பகுதி மீனவப் பெண்கள் தம் துறைமுகத்தைத் தாமே படமெடுத்தனர். ஹூப்பர் முதல் நாம் கண்டுவந்த பிரிவு, அதாவது கருவியின் இப்பக்கம் ஒருவர் அப்பக்கம் ஒருவர் என்பது, இங்குதான் உண்மையில் உடைகிறது. இதனைத் தொண்டு என்று வகைப்படுத்திவிட்டு அவர் ‘கலை’யைத் தனியே மதிப்பிடுவோர் உளர். அது பொருந்தாது. கொடையும் கல்வியும் அங்கு ஒன்றே.

மதுரையில் தூய்மைப் பணியாளர் ஒருவரின் மகள் இப்பயிற்சியின்பின் தம் தந்தையை அவர் வேலைசெய்யும் இடத்திலேயே படமெடுத்தார். அப்படத்தை வகுப்பில் காட்டியபோது எவரும் தலைகுனியவில்லை. மேலிருந்தா கீழிருந்தா என்று முன்பு வினவிய மாணவி இம்முறை வினா எதுவும் எழுப்பவில்லை. படத்தை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, எடுத்தவரின் பெயரைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.